புதுமனையும் பழைய விலாசமும்

வீடு மாறுவோன் தன் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் வண்டியிலேற்றிக் கொண்டுபோகலாம். வீட்டின் இலக்கத்தை மட்டும் ஏற்றிச் செல்லுதல் இயலாது. அது பழைய கதவோடு தங்கிவிடும். இஃது யாவரும் அறிந்ததே. ஆனால் கணினிகளின் உலகில் அவ்விலக்கத்தையும் உடன் கொண்டுபோகவேண்டுமென்று விரும்புவோர் பலர் உளர். அவ்விருப்பம் பேராசையன்று, சில சமயங்களில் கடமையுமாகும் என்பதே யான் ஈண்டுக் கூறப்புகுவது. இற்றை நாளில் கல்லூரிகளும், ஆஸ்பத்திரிகளும், வாணிபக் கம்பெனிகளும் தத்தம் மனைகளில் வைத்திருந்த சர்வர்களை விட்டொழித்துக் ‘கிளவுட்’ எனப்படும் வாடகைக் கணினிகளுக்குக் குடிபெயர்ந்து வருகின்றன. நம் கல்லூரியிற் கற்று வெளியேறும் மாணவருள் ஒருசிலரேனும் இவ்வேலையில் அமர்வர் என்பது திண்ணம். ஆதலின் அதில் ஈடுபட்டு யான் கண்டறிந்தவற்றை எழுதுவது வீணாகாதென நம்புகிறேன்.

கிளவுட் என்றால் மேகம். பெயர்தான் மேகமேயன்றிப் பொருள் மிகக் கனமானது. சுவரும், கூரையும், மின்சாரமும், குளிர்காற்றுப் பொறிகளும் உடைய பெருங்கட்டிடங்களே அவை. மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2015-ஆம் ஆண்டிலே சென்னையில் இத்தகைய நிலையம் ஒன்றைத் திறந்தனர். அமேஸான் கம்பெனியார் 2016-ஆம் ஆண்டில் மும்பையிலும், 2022-ஆம் ஆண்டில் ஹைதராபாத்திலும் திறந்தனர். அங்குள்ள கணினிகளில் நமக்கு வேண்டிய பங்கை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். கூரை ஒழுகினும், மின்சாரம் நின்றாலும் கவலை அவர்களுடையது. இதன் நன்மை தீமைகளை ஆராய்தல் வேறொரு கட்டுரைக்கு உரியது. குடிபெயர்வதென்று முடிவாகிவிட்டது என்றே இங்கு வைத்துக்கொள்வோம்.

இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. விலாசம் என ஒன்று உண்டு. 192.168.10.20 என்றாற்போல நான்கு எண்களைப் புள்ளியிட்டுத் தொடுத்தது அது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரையில் அமையும். 1981-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் வெளிவந்த விதி இம்முறையை நிலைநாட்டிற்று. அதன்படி உண்டாகக்கூடிய விலாசங்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம். இவ்விலாசம் ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது. ‘நீ யார்?’ என்ற வினாவுக்கும் அதுவே விடை. ‘நீ எங்கே இருக்கிறாய்?’ என்ற வினாவுக்கும் அதுவே விடை. மனிதருக்குப் பெயர் வேறு, ஊர் வேறு. ஊர் மாறினும் பெயர் நம்மோடு வருகிறது. கல்தேயரின் ஊர் என்னும் பட்டணத்தை விட்டுப் புறப்பட்ட ஆபிராமுக்குப் பெயர் மாறியது உண்மையே. ஆயினும் அஃது ஊர் மாறியதனால் அன்று. கணினிக்கோ ஊரையே பெயராக இட்டுவிட்டார்கள். குடிபெயர்ச்சியில் நேரும் தொல்லைகளிற் பெரும்பாலன இவ்வொன்றிலிருந்தே கிளைக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நடுத்தரமான ஓர் ஆஸ்பத்திரியின் சர்வர்களைக் கிளவுடுக்கு மாற்றும் பணி எனக்கு ஒப்புவிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டா. மாடிப்படியின் கீழ் ஓர் அறை. அதில் பதினொரு சர்வர்கள். நோயாளர் பதிவு, மருந்துக் கணக்கு, இரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே மற்றும் சி.டி. படங்கள் யாவும் அவற்றுள்ளே இருந்தன. இரண்டு மழைக்காலங்களில் அவ்வறைக்குள் தண்ணீர் புகுந்தது. மூன்றாவது மழைக்குக் காத்திருக்க நிர்வாகத்தார் விரும்பவில்லை. மும்பையிலுள்ள நிலையத்துக்குக் குடிபெயர்வதென்று தீர்மானித்தார்கள்.

என்முன் நின்ற கேள்வி இதுவே: சர்வர்கள் மும்பைக்குப் போனபின் புதிய விலாசங்களைத் தரித்துக்கொள்வதா, பழையவற்றையே வைத்துக்கொள்வதா? உடன் உழைத்த இளைஞர் ஒருவர், “புது எண்களே கொடுத்துவிடலாம், ஐயா, எல்லாம் ஒழுங்காக இருக்கும்” என்றார். சர்வர்களை மட்டும் நோக்குமிடத்து அவர் கூறியது சரியே. ஒரு நாழிகை வேலை. ஆனால் விலாசம் உடையவனுக்குத் தன் விலாசத்தால் ஆகவேண்டியது ஏதுமில்லை. அதனை எழுதிவைத்துக்கொண்டிருப்பவர்களுக்கே அது வேண்டும். ஆகவே நம் விலாசம் எவரெவருடைய ஏட்டில் எழுதப்பட்டுள்ளது என்று முதலில் தேடப் புகுந்தோம்.

அத்தேடல் ஐந்து வாரம் நீடித்தது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று பொறிகள் இருந்தன. ஒவ்வொன்றும் முடிவு கண்டவுடன் அதனைச் சர்வருக்கு அனுப்பும். அனுப்பவேண்டிய விலாசம் பொறியின் வயிற்றுக்குள்ளே எண்ணாகப் பதிக்கப்பட்டிருந்தது. அதனை மாற்றவேண்டின் பொறியை விற்ற கம்பெனியின் ஊழியர் நேரில் வரவேண்டும். கடவுச்சொல் அவருக்கே தெரியும். அம்மூன்றனுள் ஒன்றை விற்ற கம்பெனியோ அவ்வகைப் பொறிகளுக்கு ஊழியம் செய்வதையே நிறுத்திவிட்டிருந்தது. சி.டி. பொறியின் நிலையும் இத்தகையதே. எடுத்த படம் எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதற்கு அப்பொறியில் ஐ.பி. விலாசம், வாயில் எண், பெயர்க்குறி ஆகிய மூன்றையும் எழுதவேண்டும். படங்களைப் பெறும் சர்வரிலும் அவ்வாறே பொறியின் மூன்றையும் எழுதியிருக்கவேண்டும். இவையன்றி, மருந்து கொடுக்குமிடத்தில் முறை எண் காட்டும் பலகைகள், ஊழியரின் விரல்ரேகை பதியும் வருகைப் பொறி, இரண்டு மாடிகளிலுள்ள அச்சுப்பொறிகள், கணக்கர் ஒருவர் மேசைக் கண்ணாடியின் கீழ் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுக் காகிதம் என எங்குப் பார்த்தாலும் எங்கள் விலாசமே.

எண்ணுக்குப் பதிலாகப் பெயரிட்டு அழைக்கும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாடு 1983-ஆம் ஆண்டு முதலே உள்ளதே, அதனைக் கையாண்டிருக்கலாகாதோ என்று கணினி பயிலும் மாணவர் வினவுவர். வினா நியாயமானது. ஆனால் அப்பரிசோதனைப் பொறியின் திரையில் நான்கு எண்களுக்கு மட்டுமே இடம் விட்டிருந்தார்கள். எழுத்து அடிக்க அதில் விசையே இல்லை.

விலாசம் பிசகினால் நேர்வது யாது? பொறி கூக்குரலிடாது. நள்ளிரவில் அவசரப் பிரிவிலிருந்து வந்த இரத்தத்தில் பொட்டாசியத்தின் அளவை அது செவ்வனே கண்டறியும். கண்டறிந்ததைச் சர்வருக்கு அனுப்ப முயலும். விடை வாராமையால் வரிசையில் நிறுத்திவைத்துக் காத்திருக்கும். மேல்மாடியில் டாக்டரோ தம் திரையைப் பார்த்து, முடிவு இன்னும் ஆகவில்லையென்று தாமும் காத்திருப்பார். பரிசோதனைக் கூடத்தில் இருபது ஆண்டுக்கு மேல் பணிபுரிந்த அம்மையார் ஒருவர் என்னிடம், “தம்பி, எண்ணை மாற்றினால் முன்போல் தாளில் எழுதி ஆள் வசம் கொடுத்தனுப்புவேன், பகலில் அது முடியும். இரவில் எனக்கு ஆள் ஏது?” என்றார். பழைய விலாசங்களையே காப்பது என்னும் தீர்மானம் அப்பொழுதே முடிந்துவிட்டது.

இவ்வாறு எண்ணைப் பதித்துவைக்கும் வழக்கம் சிற்றூர் ஆஸ்பத்திரிகளில் மட்டும் உள்ளதென எண்ணற்க. அமெரிக்காவில் மாடிஸன் நகரத்து விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில், கேட்பவர்க்கெல்லாம் சரியான மணியைச் சொல்லும் சர்வர் ஒன்று இருந்தது. நெட்கியர் என்னும் கம்பெனியார் வீடுகளுக்கென விற்ற ரூட்டர்கள் சிலவற்றில் அச்சர்வரின் ஐ.பி. விலாசத்தை எவரையும் கேளாமல் உள்ளேயே பதித்துவிட்டனர். விடை கிடைக்காவிட்டால் 1 நொடிக்கு ஒருமுறை மீண்டும் கேட்குமாறும் அமைத்திருந்தனர். 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகெங்குமிருந்து அக்கேள்விகள் வெள்ளமெனப் புகுந்தபோதுதான் சர்வகலாசாலையார் செய்தியை அறிந்தனர். விற்றுப்போன பெட்டிகளைத் திரும்பப் பெறுவது எங்ஙனம்? விலாசத்தின் உரிமை கலாசாலைக்கு. அதனை மாற்றும் வல்லமையோ முகமறியாத பல்லாயிரவர் வீட்டுப் பெட்டிகளிடம்.

இணையப் பெயர்களுக்கெல்லாம் வேர் போன்ற 13 விலாசங்கள் உண்டு. அவற்றை ஆங்கில எழுத்துக்களால் ‘ஏ’ முதல் ‘எம்’ வரை குறிப்பர். அவற்றுள் ‘ஜே’ என்பதன் விலாசம் 2002-ஆம் ஆண்டு நவம்பரில் மாற்றப்பட்டது. எனினும் 13 ஆண்டுகள் கழித்து, 2015-ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோதும் பழைய விலாசத்துக்குக் கேள்விகள் வந்தவண்ணமே இருந்தன. ‘எல்’ என்பதன் விலாசம் 2007-ஆம் ஆண்டு நவம்பரில் மாறியது. அடுத்த ஆண்டில், வேறு சிலர் அப்பழைய விலாசத்தில் தாமே அமர்ந்து விடையளித்து வந்தது வெளியாயிற்று. அவர்கள் பொய்யான விடை ஏதும் கூறினர் என்பதற்குச் சான்றில்லை; கூற நினைத்திருந்தால் கூறியிருக்கலாம் என்பதே அச்சத்துக்கு இடம். நாம் விட்டுப்போன வீட்டில் பிறனொருவன் குடியேறி, நமக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பதை ஒத்தது இது.

நிற்க. காக்கவேண்டுமென்று தீர்மானித்துவிட்டால் மட்டும் போதாது. காக்க இயலுமா என்பதும் பார்க்கவேண்டும். விலாசங்கள் உள்விலாசம், வெளிவிலாசம் என இருவகைப்படும். 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து ஏற்பாட்டின்படி 10 என்று தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரை தொடங்குவன, 192.168 என்று தொடங்குவன ஆகிய மூன்று தொகுதிகளும் யாவர்க்கும் பொதுவாக விடப்பட்டன. இவை விடுதி அறைகளின் எண்களைப் போன்றவை. நம் விடுதியில் 12-ஆம் அறை இருப்பதனால் வேறொரு கல்லூரி விடுதியில் 12-ஆம் அறை இருத்தலாகாதென்று எவரும் வழக்கிடார். ஆஸ்பத்திரியின் சர்வர்கள் எல்லாம் 192.168.10 என்னும் தொகுதியில் இருந்தன. பரிசோதனைப் பொறிகளும் பிறவும் 192.168.20 என்னும் வேறு தொகுதியில் இருந்தன. முன்னர் அவ்வலையை அமைத்தவர் யாவரோ, இவ்விரண்டையும் பிரித்து வைத்தாரே, அவர் வாழ்க! சர்வர் தொகுதி முழுவதையும் ஒருங்கே பெயர்த்து மும்பையில் அதே எண்களோடு நிறுத்துவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. கிளவுடில் நமக்கென வகுத்த வலைக்கு அத்தொகுதியையே நாம் கேட்டுப் பெறலாம்.

பிரித்து வைத்திராவிடின் தொல்லையே. ஒரே தொகுதிக்குள் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று தேடுங்கால், “இவ்வெண் யாருடையது?” என்று கூடத்தில் உரக்கக் கேட்பனபோல் எல்லார்க்கும் ஒலிபரப்பும்; உரியது விடையளிக்கும். சர்வர் மும்பையிலும் பொறி இங்குமாக ஒரே தொகுதி இரண்டாகப் பிளந்தால் இங்கே கேட்கும் குரல் அங்கே எட்டாது. எட்டச் செய்யும் உபாயங்களும் உள. ஒரு வலையை இழுத்து நீட்டி இரண்டு ஊர்களிலும் ஒன்றே போல் தோன்றச் செய்வர். சில வாரங்களுக்கு அது தாங்கும். ஆண்டுக்கணக்கில் அதனை நம்பியிருத்தல் எனக்கு உடன்பாடன்று. ஓரூரின் கோளாறு மற்றோர் ஊருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

வெளிவிலாசத்தின் செய்தி வேறு. அது தபால் விலாசத்தைப் போல் உலகில் ஒருவர்க்கே உரியது. ஆஸ்பத்திரியின் வெளிவிலாசம் தொலைபேசிக் கம்பெனியார் தந்தது. அதாவது அவர்களுடையது, நமக்கு இரவல். குடிபெயருங்கால் அதனை வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அவ்விலாசத்தை எழுதி வைத்திருந்தோர் இருவர்: ஒரு வங்கியும் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியும். இன்ன விலாசத்திலிருந்து வருபவரை மட்டுமே உள்ளே விடுவதென்பது அவர்தம் வாயிற்காவல். புதிய விலாசத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதினோம். இன்ஷூரன்ஸ் கம்பெனியார் மூன்றாம் நாள் சேர்த்துவிட்டனர். வங்கியார் ஆஸ்பத்திரியின் தலைப்புத் தாளில் முத்திரையோடு கடிதம் வேண்டுமென்றனர்; கொடுத்தோம். கையொப்பமிட்டவர் அதிகாரம் பெற்றவர்தாமா என்று வினவினர். தீர்மான நகல் கொடுத்தோம். பிறகு விண்ணப்பம் கிளையில் உள்ளதா தலைமை அலுவலகத்தில் உள்ளதா என்பதே தெரியாமற்போயிற்று. இருபத்தாறு நாள் கழிந்தன. பதினொரு சர்வர்களை மும்பைக்கு ஒத்திகையாக அனுப்பி ஓட்டிப்பார்ப்பதற்குப் பிடித்ததோ நான்கு நாள். குடிபெயர்ச்சிக்கு நாள் குறித்தது கணினியன்று, ஒரு கடிதமே.

தமக்கே சொந்தமான வெளிவிலாசங்களை உடையோர்க்கு இத்தொல்லை இல்லை. அவற்றைக் கிளவுடுக்கு உடன் கொண்டுபோகலாம். அமேஸான் கம்பெனியார் 2018-ஆம் ஆண்டு முதல் இதற்கு இடங்கொடுத்து வருகின்றனர். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. தொகுதி குறைந்தது 256 விலாசங்களேனும் கொண்டதாயிருக்கவேண்டும். அது நம் பெயரில் பதிவாகியிருக்கவேண்டும். இந்தியாவில் இப்பதிவை 2012-ஆம் ஆண்டு முதல் ஐ.ஆர்.ஐ.என்.என். என்னும் பதிவகம் நடத்துகிறது. இத்தொகுதியை இன்ன கம்பெனியார் தம் வலையிலிருந்து அறிவிக்கலாம் என்று நாம் கையொப்பமிட்ட அத்தாட்சியும் பதிவேட்டில் ஏறவேண்டும். தீயோர் கையில் கிடந்து குப்பைக் கடிதம் அனுப்பிப் பெயர் கெட்ட விலாசங்களை அவர்கள் ஏற்கமாட்டார்கள். மனிதரைப்போல் எண்ணுக்கும் நற்பெயர் வேண்டியிருப்பது விந்தையே.

ஆனால் அத்தகைய சொத்து உடையோர் சிலரே. உலகப் பொதுக் கையிருப்பிலிருந்து இறுதித் தொகுதிகள் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி பகிர்ந்தளிக்கப்பட்டன. அதே ஆண்டில், திவாலான நார்டெல் கம்பெனியாரிடமிருந்து 6 லட்சத்து 66 ஆயிரத்துச் சொச்சம் விலாசங்களை மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 75 லட்சம் டாலருக்கு வாங்கினர். மண்ணுமன்று, பொன்னுமன்று, வெறும் எண்கள். 2017-ஆம் ஆண்டில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையார் தம்மிடமிருந்த 1 கோடியே 67 லட்சம் விலாசங்களில் பாதியளவை விற்கத் தீர்மானித்து, அமேஸானுக்கு ஒரு பெரும்பகுதியைக் கொடுத்தனர்.

பழைய விலாசத்தைக் காப்பது கோழைத்தனம், அஃது அழுக்கை மூட்டை கட்டிச் சுமப்பதாகும் என்று கூறுவோர் உளர். அவர் வாதத்தில் வலிமையும் உண்டு. உள்விலாசங்களை ஒதுக்கிய அதே 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்திலேயே, எண்களை எங்கும் பதித்து வைக்காதீர், பெயர்களைக் கையாளுங்கள், என்றேனும் எண் மாறத்தான் வேண்டும் என்று இணையப் பொறியாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டு எச்சரித்தனர். யான் அதை மறுக்கவில்லை. ஆனால் எந்நாள் மாற்றுவது என்பதே வினா. வீடு மாறும் இரவிலேயே விலாசமும் மாறினால், காலையில் ஒன்று ஓடாதபோது, ஓடாமைக்குக் காரணம் வீடா விலாசமா என்று பிரித்தறிய இயலாது. முதலில் பழைய எண்ணோடு குடியேறுக. எல்லாம் ஓடுவது கண்டபின், ஒவ்வொரு பொறியாகப் பெயருக்கு மாற்றுக. அச்சுப்பொறிகளையும், முறை எண் பலகைகளையும் அவ்வாறே பின்னர் மூன்று மாதத்தில் மாற்றினோம். ஒரு நாளும் ஒருவரும் அதனை உணரவில்லை.

இனி, காக்க இயலாமற்போன எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிளவுடில் நாம் வகுக்கும் ஒவ்வொரு தொகுதியிலும் முதல் நான்கு விலாசங்களையும் கடைசி ஒன்றையும் அமேஸான் கம்பெனியார் தம் உபயோகத்துக்கென எடுத்துக்கொள்கின்றனர், 192.168.10 என்ற தொகுதியில் 0, 1, 2, 3, 255 என்று முடிவன நமக்குக் கிடையா. பழைய வலையமைப்பாளர்க்கோ முக்கியமான சர்வருக்குச் சிறிய எண்ணைக் கொடுப்பதே மரியாதை. எங்கள் பதினொன்றில் ஒன்று 2, மற்றொன்று 3. மூன்றாம் எண்ணுக்குரிய சர்வரை ஐந்து வாரத் தேடலில் ஒருவரும் உரிமை கொண்டாடவில்லை. ஒரு வாரம் அணைத்து வைத்துப் பார்த்தோம், எவரும் வந்து கேட்கவில்லை, ஒழித்தோம். இரண்டாம் எண்ணுக்குரியதோ சி.டி. படங்களைப் பெறும் சர்வர். அதற்கு மும்பையில் 52 என்ற எண்ணைக் கொடுத்து, ஆஸ்பத்திரி வாயிலிலுள்ள ரூட்டரில், இரண்டைத் தேடி வருவனவற்றை 52 எனத் திருத்தி அனுப்புமாறு ஒரு வரி எழுதினோம்.

ஒரு சனிக்கிழமை இரவு 10 மணிக்குச் சர்வர்களை ஒவ்வொன்றாக அணைத்தோம். ஒரே விலாசத்தோடு இருவர் ஒருங்கே விழித்திருத்தலாகாது; ஆதலின் அங்கே ஒத்திகைக்கு வைத்திருந்த பிரதிகளை அதுகாறும் எங்கள் வலையோடு சேராமல் பூட்டியே வைத்திருந்தோம். அன்று மாறிய கணக்குகளை அனுப்பி முடிக்க மூன்று மணி நேரமாயிற்று. அதுவரையில் பரிசோதனைக் கூடத்தில் தாளும் பேனாவுமே. அவ்விரவுக்கென இரண்டு ஆட்களை நிர்வாகத்தார் அமர்த்தியிருந்தனர். பின் தொகுதி முழுவதுக்குமான வழியை மும்பை நோக்கித் திருப்பினோம். 1 மணி 20 நிமிடத்துக்கு, ஊழியம் நிறுத்தப்பட்ட அப்பழைய பரிசோதனைப் பொறி, தன் வரிசையில் நிறுத்திவைத்திருந்த ஒன்பது முடிவுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிற்று. அம்மையார் தாளில் எழுதியிருந்ததோடு அவற்றைத் தாமே ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்பதும் சரி என்று கையொப்பமிட்டார்.

சி.டி. பொறி இன்றளவும் இரண்டாம் எண்ணையே கேட்டுக்கொண்டிருக்கிறது. ரூட்டரில் எழுதிய அவ்வொரு வரிக்கு மேலே, அஃது எதற்காக எழுதப்பட்டது என்பதையும், சி.டி. பொறியை மாற்றும் நாளில் இதனை நீக்கிவிடலாம் என்பதையும், எனக்குப்பின் வருபவர் காணும்படி குறித்து வைத்திருக்கிறேன்.